பாலையின் பால்

ஒட்டகக் கன்றுக்கும் பெயர்மரபு வகுத்தது தொல்காப்பியம். அவ்வொட்டகத்தின் பாலைப் பொடியாக வளைகுடாவிலிருந்து தம்பி கொணர்ந்தபோது, காட்டாங்குளத்தூர் இல்லத்தில் எங்கள் உம்மா இன்சுலின் ஊசியைத் துறக்கத் துணிந்தார்கள். நாம் தடுத்தோம்.

பிகானேர் மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட ஈராண்டு ஆய்வில், முதல்வகை நீரிழிவுடைய 12 பேர் நாளும் 500 மி.லி. ஒட்டகப்பால் அருந்தினர், அவர்தம் இன்சுலின் தேவை குறைந்தது. இன்சுலினை ஒத்த புரதம் அப்பாலில் உண்டென்பர் ஆய்வாளர். ஆயினும் பன்னிருவர் சான்று பாருக்கெல்லாம் சான்றாகாது. அன்னோரும் வழக்கமான மருத்துவத்துடனேயே பாலைப் பருகினர். உம்மாவுக்கோ இரண்டாம்வகை நீரிழிவு.

பால் உணவு, ஊசியோ உயிர்க்காப்பு. இதனை எடுத்துரைத்தோம். இன்று உம்மா, மருத்துவர் அறிய, ஊசிக்குப் பின்னரே பாற்கிண்ணத்தை ஏந்துகிறார்கள். நம் நெஞ்சும் அமைதியுறுகிறது.