நாலு கட்டையும் இரண்டு கட்டையும்

எங்கள் வீட்டுப் பரணில் இரண்டு பொருள்கள் நெடுநாளாக உறங்கிக் கிடந்தன. ஒன்று ஆர்மோனியப் பெட்டி. மற்றொன்று ஓர் ஒலிநாடா. சென்ற கோடை விடுமுறையில் வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது இரண்டும் என் கையில் அகப்பட்டன.

அப்பா தச்சுவேலை செய்பவர். 1991 இல், இருபத்தொரு வயதில், தெருத் திருவிழா நாடகத்துக்காக அவரே சொல்லும் மெட்டும் கட்டிப் பாடிய பாட்டு அந்த நாடாவில் இருந்தது. சிட்லபாக்கம் ஏரி நிறைந்து கலங்கல் வழியும் நாளைப் பற்றிய பாட்டு. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

ஆர்மோனியத்துக்கு நம் நாட்டில் மரியாதை சற்றுக் குறைவுதான். கமகம் பேசாது என்று அகில இந்திய வானொலி 1940 இல் அதை விலக்கி வைத்தது. 1971 இல்தான் தடை தளர்ந்தது. ஆனால் நாடகக் கொட்டகைக்கு அதுதான் உயிர். ஒலிபெருக்கி இல்லாத நாளில் எஸ். ஜி. கிட்டப்பா போன்றோர் கடைசி வரிசைக்கும் எட்டும்படி உச்சத்தில் பாடினார்கள். அப்பாவுக்கும் அந்த ஆசை உண்டாம். நாலு கட்டையில் பாடுவாராம்.

அத்தை வீட்டு டேப் ரெக்கார்டரை வாங்கி வந்து நாடாவைப் போட்டோம். குரல் தடித்து, இழுத்து இழுத்து வந்தது. அப்பா முகம் சுருங்கிவிட்டது.

"இது நான் பாடினது இல்லடா. யாரோ கெழவன் பாடறான்."

இயற்பியல் மாணவனுக்கு இது போதாதா? நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்தால் ஓட்டம் குறையும். அதிர்வெண்ணும் கூடவே குறையும். வேகத்தில் ஆறில் ஒரு பங்கு போனால் நாலு கட்டை ஏறக்குறைய இரண்டு கட்டைக்கு இறங்கிவிடும். ரிச்சித் தெருவில் புது பெல்ட் வாங்கி மாட்டினேன். இப்போது பாடியவன் என் வயதுப் பையன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். மூன்றாம் சரணத்தில் நாடா சிக்கிக் கசங்கியது. எடுத்துப் பார்த்தால் அந்த இடம் அறுந்தே போயிருந்தது.

"சரணம் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார் அப்பா.

துருத்தியை எலி கடித்திருந்தது. தோல் வைத்து அவரே ஒட்டினார். (குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது, தோலுக்கா பஞ்சம்?) நாலு கட்டையில் தொடங்கினார், இரண்டாவது அடியிலேயே குரல் உடைந்தது. மறுபடியும், மறுபடியும்.

"இரண்டு கட்டையில பாடுங்கப்பா. கைப்பேசியிலேயே சுருதியை ஏத்திடலாம்" என்றேன்.

"ஏத்தினா அது யார் பாடினதா ஆவும்?"

பேச்சை மாற்றுவதற்காக, ஏன் பாடுவதை விட்டீர்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அம்மா சொன்னாள். ஆறாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வின்போது, எங்கள் ஒற்றை அறையில் புத்தகத்தை வீசிவிட்டு, "சத்தம் போடாதீங்கப்பா, நான் படிக்கணும்" என்று கத்தினேனாம். அன்று பரணேறிய பெட்டிதான். எனக்கு அது நினைவே இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்று என்னைச் சொல்லும்போதெல்லாம் நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்துவது வழக்கம். அன்று முடியவில்லை.

பகலில் மீனம்பாக்கத்து விமானச் சத்தம். ஆகவே இரவில் பதிவு செய்தோம். மின்விசிறியை நிறுத்தி, துருத்தியின் அதிர்வு ஏறாதபடி மடித்த துண்டின் மேல் கைப்பேசியை வைத்தேன். இரண்டு கட்டையில், வியர்க்க வியர்க்க, மூன்று சரணமும் பாடினார். கேட்டுப் பார்த்துவிட்டு, "மூச்சு பத்தல. நாளைக்கு இன்னொரு தபா எடுப்போம்" என்றார்.

இதை எழுதும்போது எனக்குப் பருவத் தேர்வு நடக்கிறது. அப்பா வேலையிலிருந்து வந்து பெட்டியைத் திறந்தார். என் கையில் புத்தகத்தைக் கண்டதும் மூடப் போனார்.

"வாசிங்கப்பா" என்றேன்.