ஒளித்து வைத்த முட்டைகள்

இரகசியத்தைக் கண்டுபிடிப்பது கூட எளிது. கண்டுபிடித்த பிறகு அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருப்பதுதான் பெருங் கஷ்டம். ஒருவரிடமும் சொல்லாவிட்டால் நாம் கெட்டிக்காரர் என்பது ஊருக்குத் தெரியாமற் போய்விடுகிறது. எல்லாரிடமும் சொல்லிவிட்டாலோ, மறுநாளே நம்மைப் போன்ற கெட்டிக்காரர்கள் தெருவுக்குப் பத்துப் பேராகப் பெருகிவிடுகிறார்கள். இந்தத் தர்மசங்கடத்தைப் பெரியவர்களைக் காட்டிலும் நன்றாக அநுபவித்தறிந்தவர்கள், இன்டர்நெட் வருவதற்கு முன்பு வீடியோ விளையாட்டு ஆடிய சிறுவர்களே என்பது நமது அபிப்பிராயம்.

பாடம் சொல்லிக் கொடுக்கும் வாத்தியாருக்கு இந்த விளையாட்டுப் பேச்சு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். ஒருவருக்குத் தெரிந்த விஷயம் மற்றொருவருக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று கவனிப்பதுதானே நமது தொழில்? அந்த வகையில் இச்சிறுவர்களின் சரித்திரம் நமக்கு மிகவும் வேண்டியதாயிருக்கிறது.

முதலில், ஒளித்து வைத்தவரின் கதையைச் சொல்வோம். அமெரிக்காவில் அடாரி என்னும் கம்பெனி 1980-ம் வருஷம் 'அட்வென்ச்சர்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதை ஆக்கியவர் வாரன் ராபினெட். ஆக்கியவரின் பெயரை எங்குமே போடுவதில்லை என்பது அக்காலத்தில் அக்கம்பெனியின் வழக்கம். நம் ஊர்க் கோயில்களில் டியூப் லைட்டில் கூட உபயதாரர் பெயர் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரு முழு விளையாட்டை ஆக்கியவருக்கு அதுவும் இல்லை. ராபினெட் வீண் சண்டைக்குப் போகவில்லை. ஆட்டத்திலுள்ள கறுப்புக் கோட்டையின் சுற்றுவழிக்குள், தரையின் நிறத்திலேயே ஒரு சிறு புள்ளியை வைத்தார். கண்ணுக்குப் புலப்படாத அந்தப் புள்ளியை எடுத்துக்கொண்டு போய், வேறோர் இடத்தில் உரிய யுக்தியைச் செய்தால், சுவர் வழி விடும். உள்ளே ஓர் அறை; அறையின் நடுவே அவருடைய பெயர் பளிச்சிடும்! இதை ஒருவரிடமும் சொல்லாமலே உத்தியோகத்தை விட்டுப் போய்விட்டார். பின்னர் ஒரு பையன் அதைக் கண்டுபிடித்துக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினான். கம்பெனியார் திடுக்கிட்டாலும் அறையை இடிக்கவில்லை. ஈஸ்டர் பண்டிகையன்று வர்ண முட்டைகளை ஒளித்து வைத்துக் குழந்தைகளைத் தேடச் சொல்லும் வழக்கம் அங்கே உண்டல்லவா? இவ்வகை இரகசியங்களுக்கும் 'ஈஸ்டர் முட்டை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒளிக்கும் எண்ணமின்றியே பிறந்த இரகசியமும் உண்டு. ஜப்பானில் கோனாமி கம்பெனியைச் சேர்ந்த கசுஹிஸா ஹஷிமோட்டோ, 'கிரேடியஸ்' என்னும் விண்கலப் போர் விளையாட்டை 1986-ல் வீட்டுக் கருவிக்கு ஏற்றபடி மாற்றியமைத்தார். ஆடிச் சோதிக்க வேண்டிய அவருக்கே அது மிகக் கடினமாயிருந்தது. ஆகவே, எல்லா ஆயுதங்களும் ஒரே தடவையில் கைக்கு வரும்படி தமக்கென்று ஒரு சூத்திரம் செய்துகொண்டார்: மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. சோதனை முடிந்த பின்பும் சூத்திரம் உள்ளேயே தங்கிவிட்டது. 1988-ல் அமெரிக்க வீடுகளுக்கு வந்த 'கான்ட்ரா' விளையாட்டில் இதையே அழுத்தினால், மூன்று உயிர்களுக்குப் பதிலாக முப்பது உயிர்கள்! ஏழாம் வாய்ப்பாட்டுக்குத் தடுமாறும் பையன்களும் இதைத் தூக்கத்திலும் பிசகாமல் ஒப்பித்தார்கள். நாமும் வாய்ப்பாட்டின் முடிவில் முப்பது உயிர் வைத்திருந்தால் தேறியிருப்போமோ, என்னவோ!

இத்தகைய சூத்திரம் தெரிந்த பையனுக்கு அதுவே மூலதனம். பிறர் பார்க்காமல் கையை மறைத்துக்கொண்டு பொத்தான்களை அழுத்துவான். பிறகு, ஒரு நாள் இரவல் கிடைக்கும் வேறொரு விளையாட்டுக்காகவோ, கிரிக்கெட்டில் முதலில் மட்டை பிடிக்கும் உரிமைக்காகவோ, வெறும் சிநேகத்துக்காகவோ அதை ஒருவனுக்கு மட்டும் சொல்லுவான். "யாரிடமும் சொல்லாதே" என்ற எச்சரிக்கையோடு அது ஊர் முழுதும் பரவும். நின்டெண்டோ கம்பெனியாரோ இந்த ஆவலையே வியாபாரமாக்கினார்கள். வழி தெரியாமல் விழிப்பவர்களுக்கு டெலிபோனில் யோசனை சொல்ல ரெட்மண்ட் நகரில் ஆட்களை அமர்த்தினார்கள். 1988-ல் தொடங்கி 2012 வரை அதற்கென்றே ஒரு பத்திரிகையும் வெளிவந்தது.

இரகசியம் உள்ள இடத்தில் புரளிக்குப் பஞ்சமேது? 1991-ல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்ற சண்டை விளையாட்டில், ஜப்பானிய மொழியில் ஒரு குத்துக்கு வழங்கிய பெயரை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள், ஷெங் லாங் என்னும் ஓர் ஆசாமியின் பெயர் போலத் தோன்றும்படி எழுதிவிட்டார்கள். அந்த மனிதர் எங்கே என்று எல்லாரும் தேடினார்கள். 1992 ஏப்ரலில் ஓர் அமெரிக்கப் பத்திரிகை வழி சொல்லிற்று: ஓர் அடியும் படாமல் கடைசி எதிரி வரை சென்று, அவனையும் அடிக்காமல், தானும் அடிபடாமல் பல சுற்றுகள் தாக்குப் பிடித்தால் அவர் தோன்றுவாராம்! அது முட்டாள் தினத்து வேடிக்கை என்று அப்பத்திரிகையே பின்னர் ஒப்புக்கொண்டது. அதுவரையில் கைவிரல் தேய முயன்றவர்கள் பலர். தர்க்க நூலார் 'ஆப்த வாக்கியம்' என்கிறார்களே, அதாவது நம்பத்தக்கவன் சொல், அது எது, எது அல்ல என்பதை அந்தப் பிள்ளைகள் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டார்கள்.

இவை எல்லாவற்றிலும் நம் மனத்தை அதிகம் கவர்ந்தது ஜப்பானில் நடந்த ஒரு விஷயம். நாம்கோ கம்பெனியைச் சேர்ந்த மசனோபு எண்டோ என்பவர் ஆக்கிய 'துருவாகா கோபுரம்' 1984-ல் விளையாட்டுக் கூடங்களுக்கு வந்தது. கோபுரத்தில் 60 மாடிகள். பெரும்பாலான மாடிகளில் ஒரு புதையல் பெட்டி மறைந்திருக்கும். ஆனால், அதை வெளிப்படச் செய்யும் வழியை ஆட்டம் சொல்லவே சொல்லாது. முதல் மாடியில் பச்சைப் பிராணிகள் மூன்றைக் கொல்ல வேண்டும். மற்ற மாடிகளில் வேறு வேறு விதிகள். முக்கியமான பொருள்கள் சிலவற்றைத் தவறவிட்டவன் கடைசி வரை போக முடியாது. தனி ஒருவன் காசு போட்டுப் போட்டு இதைக் கண்டுபிடிப்பதென்றால் சொத்து கரைந்துவிடும். ஆகையால், கூடங்களில் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பொதுவில் வைத்தார்கள். காலையில் ஒருவன் தன் காசைத் தொலைத்துத் தெரிந்துகொண்டதை எழுதிவிட்டுப் போவான். மாலையில் முகமறியாத மற்றொருவன் அதைப் படித்து, ஒரு மாடி மேலே ஏறி, அதற்குக் கீழே தன் பங்கை எழுதுவான்.

பழைய காலந்தான் பொற்காலம் என்று பாடுவதற்கு நாம் முன்வரவில்லை. காவலில் வைத்த இரகசியம் எப்போதும் சிலரை வெளியே நிறுத்தியது. சிநேகிதன் இல்லாத பிள்ளை, பத்திரிகை வாங்கப் பணமில்லாத பிள்ளை, டெலிபோன் கட்டணத்துக்குத் தகப்பனார் சம்மதிக்காத பிள்ளை ஆகியோருக்கெல்லாம் கதவு திறக்கவேயில்லை. இன்று கைப்பேசியில் ஒரு வார்த்தை தட்டினால் எல்லாருக்கும் திறக்கிறது. அது நல்லதே. இன்டர்நெட் என்பதும் அந்த நோட்டுப் புத்தகம் உலகளவு பெருத்ததுதான் என்று சொல்லிவிடலாம்.

ஆனால், ஒரு வித்தியாசம் இருக்கிறது. விளையாட்டுக் கூடத்து நோட்டில், படித்த பக்கத்துக்கு அடுத்த பக்கம் காலியாயிருந்தது. படித்தவன் கடனாளியானான், கடனைத் தீர்க்க வெள்ளைத் தாளும் பக்கத்திலேயே காத்திருந்தது. இன்றைய பிள்ளைகளின் கையில் வந்து விழுவதோ எழுதி முடித்து அட்டை போட்ட புத்தகம். யார் கொடுத்தார், எத்தனை சிரமப்பட்டுக் கொடுத்தார் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. திருப்பிக் கொடுக்கத் தம்மிடமும் ஏதேனும் இருக்கக்கூடும் என்று தோன்றுவதுமில்லை. இழப்பு என்று ஒன்று உண்டானால் அது இதுதான்.

ஆகையால், கணக்கின் விடையைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டு வரும் மாணவனை நாம் கோபிப்பதில்லை. விடையைக் கரும்பலகையில் எழுதச் சொல்லி, பக்கத்திலுள்ள காலி இடத்தைக் காட்டி, அதே விடைக்கு இன்னொரு வழி கண்டுபிடித்து எழுதும்படி சாக்குக்கட்டியைக் கையில் கொடுக்கிறோம். முதலில் விழிக்கிறான். பிறகு முன் பெஞ்சியிலுள்ள சிநேகிதனைப் பார்க்கிறான். இருவரும் தலையோடு தலை சேர்த்து ஏதோ முணுமுணுக்கிறார்கள். வகுப்பில் எந்தச் சத்தத்தை அடக்கினாலும் அந்த முணுமுணுப்பை மட்டும் நாம் அடக்குவதில்லை.