செய்கூலி

நண்பர் ஒருவர் கைபேசியில் அனுப்பிய நாலு வரிதான் தொடக்கம். பர்மிங்காமில் தங்கை வீட்டில் இரண்டு மாதம் இருக்கப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன். “அங்கிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் சிப்பிங் கேம்டன். ஆனந்த குமாரசுவாமி குடியிருந்தது அதை ஒட்டிய கிராமத்தில்தான். ஊருக்குள்ளே நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு வெள்ளிப் பட்டறை நடக்கிறது. பார்க்காமல் வந்துவிடாதீர்கள்” என்று பதில் வந்தது. கும்பகோணத்தில் பத்தர் வீட்டுக்கு எதிர்வீட்டில் வளர்ந்தவள் நான். சுத்தியல் சத்தத்தில்தான் பரீட்சைக்குப் படித்தேன். எப்படிப் போகாமல் இருப்பது?

சனிக்கிழமை காலை கிளம்பினோம். மாப்பிள்ளை காரை எடுக்க, தங்கை புளியோதரையைக் கட்டிக்கொண்டாள். பன்னிரண்டு வயது யாழினி பின் இருக்கையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, “ஒரு கடைத்தெருவைப் பார்க்க இவ்வளவு தூரமா, பெரியம்மா?” என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. ஊர்ப் பெயரே கடைத்தெருதான். ‘சிப்பிங்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் சந்தை. பெயரை எழுதும்போது நடுவே ‘ப்’ ஒன்று வரும். உள்ளூர்க்காரர்கள் அதைச் சொல்வதில்லை. காட்ஸ்வோல்ட் குன்றுகளின் வடக்கு ஓரத்தில், வில்போல வளைந்த ஒரே பெருந்தெரு. இரண்டு பக்கமும் தேன் நிறச் சுண்ணாம்புக் கல் வீடுகள். நடுவில் 1627இல் பாப்டிஸ்ட் ஹிக்ஸ் என்ற பெருவணிகர் கட்டிக்கொடுத்த சந்தை மண்டபம். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கோழியும் விற்கவந்தவர்கள் மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று கட்டியது. நான்கு பக்கமும் திறந்த கல் வளைவுகள். தரையில் கால் வைத்தால் தடுமாறுகிறது. அத்தனை காலத் தேய்மானம். 1940களில் இதை ஓர் அமெரிக்கருக்கு விற்றுவிடுகிற நிலை வந்ததாம். ஊர்க்காரர்கள் பணம் திரட்டி வாங்கி, நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

இந்த ஊரைக் கட்டியது ஆட்டு ரோமம். மாதாகோவில் தரையில் 1401இல் இறந்த வில்லியம் கிரெவல் என்ற கம்பளி வணிகரின் உருவம் பித்தளைத் தகட்டில் படுத்திருக்கிறது. அவர் வீடும் தெருவில் இன்னும் நிற்கிறது. ஆடு மேய்த்தவன் பெயர் எங்கேயும் இல்லை. இதை அப்போது பெரிதாக நினைக்கவில்லை. தங்கை தேநீர்க்கடையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கம்பளி வியாபாரம் போனபிறகு ஊர் தூங்கிவிட்டது. அதை எழுப்ப வந்தவர் சார்லஸ் ராபர்ட் ஆஷ்பி. கேம்பிரிட்ஜில் படித்த கட்டடக் கலைஞர். 1888இல் கிழக்கு லண்டனின் ஏழைப் பகுதியான ஒயிட்சாப்பலில் ‘கைவினைச் சங்கம்’ என்று ஒன்றைத் தொடங்கினார். வெள்ளி வேலை, நகை, மரவேலை, கொல்லு வேலை எல்லாம் ஒரே கூரையின் கீழ். தொழிலாளிக்கும் நிர்வாகத்தில் பங்கு. 1902இல் அந்தச் சங்கத்தையே மூட்டை கட்டி இங்கே கொண்டுவந்தார். ஆண், பெண், குழந்தை என்று சுமார் நூற்றைம்பது பேர். லண்டன் புகையில் வளர்ந்த குடும்பங்கள் ரயிலேறி ஆட்டுப்பட்டி ஊருக்கு வந்து சேர்ந்தன. ஷீப் ஸ்ட்ரீட்டில் சும்மா கிடந்த பழைய பட்டு ஆலை அவர்களுக்குப் பட்டறை ஆனது.

அந்த ஆலைக்குள்தான் நுழைந்தோம். மாடிக்குப் போனால் ஹார்ட் குடும்பத்தின் வெள்ளிப் பட்டறை. ஆஷ்பியின் சங்கத்தில் வெள்ளி வேலை செய்த ஜார்ஜ் ஹார்ட்டின் வழிவந்தவர்கள் அதே இடத்தில் தொழிலை நடத்துகிறார்கள். காட்சிக்கூடம் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். வேலை நடக்கிற இடம், அவ்வளவுதான். கரியேறிய மேசைகள், ஜன்னல் ஓரத்து வெளிச்சம், தலைக்கு மேலே கொக்கிகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பழைய சீட்டுகள். எதிர்வீட்டுப் பத்தரும் சுவரில் அடித்த கம்பியில்தான் கணக்குச் சீட்டுகளைக் குத்தி வைத்திருப்பார். ஒரு நிமிஷம் உமி ஓட்டின் வாசனைகூட வந்த மாதிரி இருந்தது.

வேலையில் இருந்த ஒருவர் ஒரு கிண்ணத்தைச் சுழற்றிச் சுழற்றித் தட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் நின்றதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். வட்டமாக வெட்டிய தட்டைத் தகட்டில்தான் எல்லாம் தொடங்குகிறது. காளான் தலை மாதிரியான ஓர் இரும்பு முளைமேல் வைத்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வளையம் வளையமாகத் தட்டிக்கொண்டு போக வேண்டும். தட்டத் தட்ட வெள்ளி இறுகும். ஒரு கட்டத்துக்கு மேல் தட்டினால் விண்டுவிடும். அதற்கு முன்பே நெருப்பில் காட்டி, மங்கலான சிவப்பு ஏறியதும் எடுத்து ஆற வைத்தால் மறுபடி இளகும். மறுபடி தட்டு, மறுபடி காய்ச்சு. ஒரு கிண்ணம் எழும்புவதற்குள் இது பல முறை நடக்கும்.

“இறுகிவிட்டது என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். “சத்தம் மாறும்” என்றார். எங்கள் தெருப் பத்தரும் அப்படித்தான். திண்ணையில் எங்களோடு பேசிக்கொண்டே இருப்பார். உள்ளே பையன் தட்டுகிற சத்தம் கொஞ்சம் பிசகினால் போதும், “டேய், காய்ச்சுடா” என்று குரல் போகும்.

பற்றவைப்பது, அமிலத்தில் போட்டெடுப்பது, மெருகேற்றுவது எல்லாவற்றையும் விளக்கினார். பாதி எனக்குப் புரியவில்லை. மீதியை யாழினியின் கொட்டாவி விழுங்கிவிட்டது. அவளை நிமிர்ந்து உட்காரவைத்தது ஒரு சுத்தியல்.

இறுதித் தட்டுக்கான சுத்தியல் அது. முகம் கண்ணாடிபோல் பளபளத்தது. யாழினி தொடக் கை நீட்டினாள். அவர் மெதுவாகத் தள்ளி வைத்தார். அந்த முகத்தில் மயிரிழைக் கீறல் விழுந்தாலும், அடிக்கிற ஒவ்வொரு அடியிலும் அந்தக் கீறல் வெள்ளியில் பதிந்துகொண்டே போகுமாம். அதனால் அதை ஆணியடிக்கத் தர மாட்டார்கள், மேசையில் வீச மாட்டார்கள், பிறர் தொட விட மாட்டார்கள். மரப்பிடியில் கட்டை விரல் உட்காரும் இடம் மட்டும் குழிந்திருந்தது. எத்தனை கை பிடித்த பிடி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவளுக்கு வேறொரு பழைய சுத்தியலும் ஒரு செம்புத் துண்டும் கிடைத்தன. பத்துப் பன்னிரண்டு அடி அடித்தாள். எல்லாமே பிறை நிலாக்கள். சுத்தியல் சாய்ந்து விழுந்தால் ஓரம் வெட்டிப் பிறை விழும். நேராக விழுந்தால்தான் வட்டத் தடம். அவர் பக்கத்தில் ஒன்று அடித்துக் காட்டினார். சின்ன, முழு வட்டம். அந்தச் செம்புத் துண்டு இப்போது அவள் பென்சில் பெட்டியில் இருக்கிறது.

இந்த வட்டத் தடத்துக்கு ஒரு கதை உண்டு. அதுவரை வெள்ளி வேலைக்காரனின் திறமை, தட்டிய தடமே தெரியாமல் வழுவழுப்பாக்குவதில் இருந்தது. ஆஷ்பியின் ஆட்கள் தடத்தை அப்படியே விட்டார்கள். இதை ஒரு மனிதக் கை செய்தது என்று பொருளே சொல்லட்டும் என்ற கொள்கை. பொருள் பிரபலமாயிற்று. உடனே வியாபாரிகள் விழித்துக்கொண்டார்கள். லண்டனின் லிபர்ட்டி கடை இதே பாணியில் வெள்ளிச் சாமான்களை விற்கத் தொடங்கியது. செய்துகொடுத்தது பர்மிங்காம் தொழிற்சாலை. அங்கே அச்சு எந்திரமே சுத்தியல் தடத்தையும் சேர்த்துப் பதித்துத் தந்தது. கையால் செய்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சியும் பொய்ச்சாட்சி ஆயிற்று. விலையோ கேம்டன் பட்டறையால் எட்ட முடியாத அளவுக்குக் குறைவு.

“எங்க ஊரா?” என்றாள் யாழினி, பாதிப் பெருமையும் பாதிச் சங்கடமுமாக. ஆமாம், அவள் ஊர்தான். வெள்ளிச் சாமானின் அடியில் உள்ள முத்திரைகளில் சிறுத்தை முகம் இருந்தால் லண்டனில் சோதித்தது, நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில். கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம்! அதோடு செய்தவரின் அல்லது பட்டறையின் எழுத்து முத்திரையும் தனியாக இருக்கும். யார் பொறுப்பு என்று பின்னால் கேட்பதற்காக ஏற்பட்ட வழக்கம்.

இங்கே வந்தபின் சங்கம் ஆறு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1908இல் கணக்கு முடித்துக் கலைத்தார்கள். மலிவுப் போலி ஒரு காரணம். ஆஷ்பியே இன்னொரு காரணத்தையும் உணர்ந்திருந்தார்; எனக்கு அதுதான் உறைத்தது. லண்டனில் வேலை குறைந்தால் தொழிலாளி அடுத்த தெருப் பட்டறைக்குப் போய் நாலு வாரம் கூலிக்கு இருந்துவிட்டுத் திரும்பலாம். இங்கே அடுத்த தெருவே கிடையாது. வேலை இல்லாத மாதத்திலும் சங்கம்தான் சோறு போட வேண்டும். அழகான ஊர்தான்; ஆனால் அழகு கஷ்ட காலத்தில் கைகொடுக்காது.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. நம் ஊர் நகைக்கடை ரசீதை எடுத்துப் பாருங்கள். ‘செய்கூலி’ என்று ஒரு வரி. வாங்குகிறவர்கள் அது செய்தவன் கைக்குப் போகிறது என்று நம்புகிறார்கள். தங்கத்தின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கடை வாங்குகிறது. கிராமுக்கு இத்தனை என்று எண்ணிப் பத்தருக்குக் கொடுக்கிறது. இரண்டுக்கும் இடையே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எந்த ரசீதிலும் இராது. ‘செய்கூலி இல்லை’ என்று பண்டிகைக்குப் பண்டிகை விளம்பரம் வேறு. கூலியே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தொழில் உலகத்தில் வேறு எது? எதிர்வீட்டுப் பத்தரின் பையன், அந்த “டேய் காய்ச்சுடா” பையன், கடைசியாக நான் பார்த்தபோது ஒரு பெரிய நகைக்கடை வாசலில் சீருடையோடு நின்று கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தான். “வாங்க அக்கா” என்றான். உள்ளே இருந்ததெல்லாம் எந்திரச் சங்கிலி.

“அக்கா, பார்க்கிங் நேரம் முடியுது” என்று மாப்பிள்ளை நினைவூட்டினார். பிரசங்கம் அதோடு நின்றது.

புளியோதரையை முடித்துக்கொண்டு ஒரு மைல் தள்ளியிருந்த பிராட் கேம்டனுக்குப் போனோம். ‘நார்மன் சேப்பல்’ அங்கே இருக்கிறது. பாழடைந்து கிடந்த பழைய தேவாலயம். அதை வீடாகத் திருத்திக்கொடுத்தவர் ஆஷ்பி. குடியேறியவர் ஆனந்த குமாரசுவாமி. இலங்கைத் தமிழரான சர் முத்து குமாரசுவாமிக்கும் எலிசபெத் பீபி என்ற ஆங்கிலப் பெண்மணிக்கும் 1877இல் கொழும்பில் பிறந்தவர். இரண்டு வயதில் தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்து, நிலவியல் படித்தவர். இலங்கையில் கனிமங்களை ஆராயப் போனார். கல்லைத் தேடிய கண் கொல்லர்களையும் தச்சர்களையும் கண்டுகொண்டது. மனைவி எத்தலின் அண்ணன் தம்பிகளில் ஒருவர் ஆஷ்பி சங்கத்தில் நகை செய்தவர். அந்த வழியாகத்தான் இந்த ஊர்.

இப்போதும் அது தனியார் வீடு. சாலையில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற அவருடைய பெரிய நூல் இங்கேதான் கைஅச்சில் உருவாயிற்று. 1907 செப்டம்பரில் தொடங்கி 1908 டிசம்பர் வரை ஆயிற்று, 425 பிரதிகள். கைவினை இயக்க முன்னோடி வில்லியம் மாரிஸ் தம் நூல்களை அச்சிட்ட அதே அச்சுப்பொறி, ஆஷ்பி வாங்கிவைத்திருந்தது. ஒரு மைலுக்கு அப்பால் சங்கம் கலைந்துகொண்டிருந்த அதே மாதங்களில், இந்த வீட்டுக்குள் கண்டிக் கைவினைஞர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்ற பக்கங்கள் ஒவ்வொன்றாக ஈரம் காய்ந்திருக்கின்றன. கண்டியில் கொல்லனுக்கு நிலம் உண்டு. அரசனுக்கோ கோயிலுக்கோ செய்யும் வேலைக்கு ஈடாக வயல். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வயல் விளையும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலும் கன்னானுக்கும் தச்சனுக்கும் நெல் பங்கு எழுதியிருக்கிறது. கைவேலையைக் காப்பாற்றியது ரசனை மட்டுமல்ல, நெல்லும்தான்.

கேம்டனிலும் இது புரியாமல் போகவில்லை, தாமதமாகப் புரிந்தது. சங்கம் விழுந்தபிறகு ஜோசப் ஃபெல்ஸ் என்ற அமெரிக்க சோப்புத் தொழிலதிபர் பிராட் கேம்டனில் எழுபது ஏக்கர் வாங்கி, ஊரைவிட்டுப் போகாத சங்கத்தார் பயிரிட வழிசெய்தார். நாங்கள் நின்ற இடத்தைச் சுற்றி எங்கேயோதான் அந்த எழுபது ஏக்கரும் இருந்திருக்க வேண்டும். எது என்று தெரியவில்லை. வேலிக்கு அப்பால் ஆடுகள் மேய்ந்தன.

இரவு வீட்டுக்கு வந்ததும் யாழினி பூஜை அலமாரியைக் குடைந்து ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழை எடுத்துவந்தாள். தங்கை கல்யாணத்துக்கு அம்மா கொடுத்தது. கவிழ்த்துப் பார்த்தாள். நங்கூரம் இல்லை, சிறுத்தை இல்லை, எழுத்தும் இல்லை. மூடியின் உட்பக்கம், மெருகு எட்டாத இடத்தில், வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்கள். ஒரு பிறைகூட இல்லை.

“யார் செஞ்சது, பெரியம்மா?”

“எதிர்வீட்டுப் பத்தர்.”

“அவர் பேர்?”

நானும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இருபது வருஷம் எதிரெதிரே இருந்திருக்கிறோம். அங்கே விடியும்வரை காத்திருந்து அம்மாவுக்கு போன் செய்தேன்.

“பத்தர்தான். பேரென்னவோ... யாருக்குடி ஞாபகம் இருக்கு?” என்றாள். பிறகு குரலில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. “ஆனா செய்கூலி ஞாபகம் இருக்கு. நானூறு கேட்டாரு. நான் விடுவேனா? பேசிப் பேசி இருநூத்தி அம்பதுக்கு முடிச்சேன்!”