செயின் கழன்றால் படிப்பு நிற்கலாமா?

ஒரு குடும்பத்தில் மிகுதியாக உழைப்பதும் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் எந்தப் பொருள் என்று கேட்டால், தயங்காமல் மிதிவண்டி என்று சொல்லிவிடலாம். அரிசி மூட்டை, தண்ணீர்க் குடம், மாட்டுக்குப் புல்லுக்கட்டு, மகள், மகளின் புத்தகப் பை ஆகிய அனைத்தையும் அது சுமக்கிறது. மழையில் நனைகிறது, வெயிலில் காய்கிறது, கூலி கேட்பதில்லை. பல மாதம் ஒரு சொட்டு எண்ணெயும் காணாத நிலையில், ஒரு நாள் நடுவழியில் செயினைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றுவிடுகிறது. அன்றுதான் அதன் அருமை வீட்டாருக்குத் தெரிகிறது.

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான எங்கள் கள்ளக்குறிச்சியில் இந்த அருமையை விளக்கத் தேவையில்லை. மேற்கே கல்வராயன் மலை. அதன் அடிவாரத்தில் கச்சிராயபாளையமும் கோமுகி அணையும். வளைந்து ஏறும் பாதையின் மேலே வெள்ளிமலை. மலையின் மேலும் கீழும் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. எல்லா ஊரிலும் மேல்நிலைப் பள்ளி இல்லை. பேருந்து வரும் நேரமும் பள்ளி மணியும் எல்லா ஊருக்கும் ஒத்துப்போவதில்லை. பத்தாம் வகுப்பு தேறிய பெண்ணை மேலே படிக்க அனுப்புவதா, வேலைக்கு அனுப்புவதா என்று பெற்றோர் எண்ணும் வேளையில், வீட்டு வாசலில் ஒரு மிதிவண்டி இருப்பதும் இல்லாததும் பெரிய வேறுபாடாகிவிடுகிறது.

இதனை உணர்ந்தே தமிழக அரசு 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. பின்னர் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பில் பயிலும் மற்ற மாணவ மாணவியர்க்கும் அத்திட்டம் விரிந்தது. அதற்கும் ஏறத்தாழப் பத்தாண்டு முன்பே, 1991-92இல், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் பெண்களுக்குக் கற்பித்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் தந்தார். பல்லாயிரம் பெண்கள் ஓட்டக் கற்றனர். ஓட்டக் கற்பது பாதி. ஓடாமல் நின்றதை ஓட வைக்கக் கற்பது மறுபாதி. இந்த மறுபாதியைத்தான் நம் இல்லங்கள் இன்னும் கற்கவில்லை என்பது எங்கள் எண்ணம்.

எங்கள் தெருவில் ஒரு மாணவி. தந்தை விடியுமுன் கரும்பு வெட்டப் போய்விடுவார். அவளுடைய மிதிவண்டியில் செயின் அடிக்கடி கழலும். மிதிவண்டிக் கடை ஒன்பது மணிக்கு மேல்தான் திறக்கும். பள்ளி மணியோ அதற்கு முன்பே அடித்துவிடும். முதல் வாரம் ஒரு நாள் விடுப்பு. அடுத்த வாரம் இரண்டு நாள். மாத முடிவில், "இப்படி நின்று நின்று போவதற்குப் பதில் வீட்டிலேயே இருக்கட்டுமே" என்று பாட்டி சொல்லத் தொடங்கிவிட்டார். ஒரு நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை ஒரு விரற்கடை பின்னுக்கு இழுத்தால் தீர்ந்துவிடக்கூடிய குறை, ஒரு பெண்ணின் படிப்பையே அசைத்துப் பார்த்தது. எங்கள் மகள் போய் அதைச் சரிசெய்து கொடுத்தாள். கால் மணி நேரம் ஆயிற்று. காசு ஒன்றும் ஆகவில்லை.

அந்த வித்தையை எங்கள் மகள் கற்ற விதத்தையும் சொல்ல வேண்டும். அவளுக்குப் பள்ளியில் கிடைத்த மிதிவண்டி, ஓராண்டுக்குப் பின் மிதிக்கும்போதெல்லாம் கரகரவென்று ஒலித்தது. ஒரு கடையில் காட்டினோம். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஐயா, செயின், முன் பல்சக்கரம், பிரீவீல் மூன்றையும் மாற்றிவிடுங்கள்" என்றார். நாங்கள் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, முதலில் அளந்து பார்ப்போம் என்று முடிவு செய்தோம். அளவுகோல் மகளின் பையிலேயே இருந்தது.

மிதிவண்டிச் செயினின் கணக்கு எளிது. ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடுவரை சரியாக அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகள் சேர்ந்தால் 12 அங்குலம். பள்ளிப் பிள்ளைகளின் ஓரடி அளவுகோலை இழுத்துப் பிடித்த செயினின் மேல் வைத்து, பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் பொருத்தினால், 24ஆவது கண்ணி முடியும் பின்னின் நடு 12ஆம் கோட்டில் நிற்க வேண்டும். நம் பெரியோர் வாய்பாட்டில் சொல்வதானால், மாகாணி, அதாவது அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு, தாண்டினால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. அரைக்கால், அதாவது 8இல் ஒரு பங்கு, தாண்டிவிட்டால் அந்தச் செயின் பற்களையும் தின்றிருக்கும். பல்சக்கரத்தையும் பிரீவீலையும் சேர்த்து மாற்ற நேரும். மாகாணியில் விழித்துக்கொண்டவர் செயினுக்கு மட்டும் செலவழிப்பார். அரைக்கால் வரை உறங்கியவர் மூன்றுக்கும் செலவழிப்பார். எங்கள் மகளின் வண்டியில் பின் கோட்டின் மேலேயே நின்றது. மாற்ற வேண்டியது எதுவும் இல்லை. அழுக்கும் தளர்ச்சியுமே குறை.

செயின் நீளுவது எதனால்? இரும்பு இழுபட்டு நீளுவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் ஒவ்வொரு பின்னும் அதைச் சுற்றிய துளையும் உராய்ந்து தேய்கின்றன. ஒவ்வொரு கண்ணியிலும் ஏற்படும் மயிரிழைத் தேய்மானம் நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகளிலும் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. இந்த உராய்வைக் குறைக்கவே 1880இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் உருளை பொருந்திய செயினை அமைத்தார். இன்றும் நம் வாசலில் நிற்பது அந்த அமைப்பே. ஆனால் அந்த உருளைக்கு உள்ளே மணலும் எண்ணெயும் குழைந்து புகுந்துவிட்டால், அது சாணைக்கல் போலத் தேய்த்துவிடும். நம் சாலைகளில் மக்காச்சோளமும் நெல்லும் காய்கின்றன. கரும்பும் மரவள்ளியும் ஏற்றிய டிராக்டர்கள் வயல் மண்ணை உதிர்த்துச் செல்கின்றன. எனவே நம் பகுதியில் செயினைத் துடைப்பது அழகுக்காக அன்று, காசுக்காக.

துடைக்கும் முறை இது. பழைய பல்துலக்கும் பிரஷ், கந்தல் துணி, சிறிது மண்ணெண்ணெய். அது கிடைக்காவிடில் டீசல், அல்லது பாத்திரம் துலக்கும் சோப்பு கரைத்த வெந்நீர் போதும். பெட்ரோல் வேண்டாம், அடுப்பு எரியும் வீட்டில் அது ஆபத்து. அழுக்குப் போனபின் செயின் நன்றாக உலர வேண்டும். பிறகு தையல் இயந்திர எண்ணெயோ புதிய எஞ்சின் எண்ணெயோ உருளைக்கு ஒரு சொட்டு வீதம் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, சிறிது நேரம் கழித்து வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் உள்ளே இருக்க வேண்டும். வெளியே இருப்பது புழுதியை அழைக்கும். தேங்காயெண்ணெய் விடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது நாளடைவில் பிசுபிசுத்துவிடும். மலைமேல் மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். லாரிப் பட்டறையில் இலவசமாகக் கிடைக்கும் கழிவு எண்ணெயும் ஆகாது. அதில் இரும்புத் துகள் கலந்திருக்கும்.

அடுத்தது தளர்ச்சி. செயினின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்தால், மொத்த அசைவு அரை அங்குலம் அளவில் இருக்கலாம். பெடலைச் சிறிது சிறிதாகச் சுற்றி நான்கைந்து இடங்களில் பார்க்க வேண்டும். பல்சக்கரம் முழு வட்டமாக இருப்பது அரிது. தளர்ந்திருந்தால் பின்சக்கரத்தின் இரு நட்டுகளையும் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, அது இரு தண்டுகளுக்கும் நடுவில் நேராக நிற்பதை உறுதிசெய்து, நட்டுகளை மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். முடிவில் பிரேக் கட்டைகள் சக்கரத்தில் சரியாகப் படிகின்றனவா என்று பார்க்காமல் ஏறக்கூடாது.

சக்கரம் பின்னுக்குப் போக இடமே இல்லாதபோது, "ஒரு கண்ணியை வெட்டிவிடலாம்" என்பார்கள். கழலுவது நிற்கும், ஆனால் தேய்ந்த கண்ணிகள் தேய்ந்தவையே. அவை பற்களை அரிவாள் நுனிபோல வளைத்துவிடும். இந்தச் சிக்கனம் பின்னால் பெருஞ்செலவாகும். புதுச் செயின் மாட்டும்போது, அதன் பூட்டில் மீன் வடிவக் கிளிப் ஒன்று இருக்கும். செயினின் மேல்பகுதியில் அந்த மீனின் மூடிய தலை முன்சக்கரத்தை நோக்கி நீந்துவதுபோல் இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் ஓட்டத்தில் கழன்றுவிடலாம்.

ஒலியையும் கேட்டறியலாம். பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் ஒரு 'டக்' என்றால், குறை செயினில் இல்லை. காட்டர் பின் தளர்ந்திருக்கும், அல்லது முன் பல்சக்கரம் கோணியிருக்கும். பெடல் இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை இடறினால், ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. அதை இரு கையாலும் பக்கவாட்டில் மெல்ல அசைத்து எண்ணெய் விட்டால் இளகும். முன்னோக்கி மிதித்தும் சக்கரம் சுற்றாமல் பெடல் வெறுமனே ஓடினால், பிரீவீலின் உள்ளே கொக்கிகள் அழுக்கில் ஒட்டியுள்ளன. வண்டியைச் சாய்த்து வைத்து, இடுக்கில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுச் சுழற்றிக் கழுவி, பிறகு மெல்லிய எண்ணெய் விட்டுப் பார்க்கலாம். அதற்கும் இணங்காவிடில் கடைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். பிரீவீலைப் பிரித்தால் கடுகு போன்ற குண்டுகள் சிதறும். அது வீட்டு வேலை அன்று.

இனி கியர் வண்டி. மலையேறும் சாலையில் ஓட்ட இளைஞர் சிலர் பழைய கியர் மிதிவண்டிகளை வாங்குகின்றனர். வெள்ளிமலையில் எங்களுக்கு வேண்டிய ஒரு குடும்பத்துப் பையனும் அப்படி ஒன்று வாங்கினான். பெரிய பல்சக்கரத்துக்குச் செயின் ஏற மறுத்தது. அவன் கையில் திருப்புளியை எடுத்துவிட்டான். "தம்பி, அந்த இரண்டு திருகையும் தொடாதே" என்று தடுத்தோம். பின்னால் தொங்கும் கியர் மாற்றியில் உள்ள அந்த இரு சிறு திருகுகளும் இரு கோடிகளிலும் வேலி போன்றவை. ஒன்று செயினைச் சக்கரக் கம்பிகளுக்குள் விழாமலும், மற்றொன்று சட்டத்தின் பக்கம் விழாமலும் காக்கிறது. இடையில் உள்ள பற்களுக்குச் செயின் சரியாக ஏறுவது வயரின் இறுக்கத்தைப் பொறுத்தது. வயர் நுழையும் இடத்தில் கையால் திருகும் சிறு உருளை உண்டு. பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் அதை இடப்புறமாக அரைச் சுற்று. சிறிய பல்லுக்கு இறங்கத் தயங்கினால் வலப்புறமாக அரைச் சுற்று. அவன் வண்டிக்கு அரைச் சுற்றே போதுமானதாயிற்று. இப்படித் திருகியும் தீராவிடில், வயரும் அதன் உறையும் துருவேறியிருக்கும். அவற்றை மாற்றுவது சிறு செலவே. வண்டி வலப்புறம் விழுந்திருந்தால் மட்டும், மாற்றியைத் தாங்கும் காது வளைந்திருக்கிறதா என்று பின்னாலிருந்து நோக்க வேண்டும். வளைந்திருந்தால் கடைக்காரரே நிமிர்த்தட்டும். ஏற்றம் தொடங்குமுன், கால் மெதுவாக மிதிக்கும்போதே கியரை மாற்றிவிட வேண்டும். முழுப் பலத்தோடு மிதிக்கையில் மாற்றினால் பற்கள் முறியும்.

ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும் வேளையில் தேய்ந்த செயின் நழுவினால், ஓட்டுபவர் கைப்பிடியின்மேல் மோதிச் சாலையில் விழுவார். பின்னால் வரும் லாரிக்கு நிற்க இடமிராது. எனவே அளவுகோலை வைத்துப் பார்க்கும் அந்த ஐந்து நிமிடம் பிள்ளைகளின் உயிருக்கும் காவல்.

பெற்றோர்களே, பதினோராம் வகுப்பில் மகளுக்கு மிதிவண்டி கிடைக்கும் நாளிலேயே அதற்குப் பொருந்தும் ஒரு ஸ்பேனரையும் ஒரு சிறு எண்ணெய்ப் புட்டியையும் அவளிடம் கொடுங்கள். "இது அண்ணன் வேலை, அப்பா வேலை" என்று ஒதுக்காதீர்கள். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை துடைக்கவும், பருவத்துக்கு ஒருமுறை அளக்கவும், தளர்ந்ததை இழுத்துக் கட்டவும் அவளுக்கே கற்றுக்கொடுங்கள். எங்கள் தெருவின் அந்த மாணவி இப்போது தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்கிறாள். பாட்டியும் பேச்சை மாற்றிக்கொண்டார். "கையில் கரி ஒட்டியிருக்கிறது, கழுவிவிட்டுச் சாப்பிடு" என்பதைத் தவிர அவர் இப்போது வேறொன்றும் சொல்வதில்லை.