பாஸஞ்சர்

சாரலுக்கு வரும் நண்பர்கள் எந்த ரயில் என்று கேட்கிறார்கள். குற்றாலத்தில் ஸ்டேஷனே கிடையாது. தென்காசியில் இறங்கி 5 கிலோமீட்டர் பஸ். பாஸஞ்சர் சின்ன ஊர்களிலும் நிற்கும். எக்ஸ்பிரஸ் பெரிய ஊர்களோடு சரி. இவ்வளவுதான் சாஸ்திரம். 2020இல் கொரோனாவுக்காக நிறுத்திய பாஸஞ்சர்கள் திரும்பி வந்தபோது எக்ஸ்பிரஸ் கட்டணம். 10 ரூபாய் டிக்கெட் 30 ஆயிற்று. 2024 வரை அப்படித்தான். வேகம் மட்டும் பழைய வேகம்.

இனி எல்லாம் பாஸஞ்சர்தானே என்று அப்போது திருநெல்வேலியில் ஒன்றில் ஏறினேன். அது நிஜ எக்ஸ்பிரஸ். ராவணசமுத்திரம் ஜன்னலில் ஓடி மறைந்தது. பிளாட்பாரத்தில் பெரியம்மா, கையில் தூக்குச்சட்டி. தென்காசியிலிருந்து பஸ் பிடித்துப் போனால் வீடு பூட்டியிருந்தது. ஸ்டேஷனுக்கு ஓடினேன். அடுத்த வண்டிக்காக அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.