சூட்டை எங்கே அனுப்புவது?

இந்த லீவில் எங்கள் வீட்டுக் கணினியில் ஒரு கேம் ஓடுகிறது. ராத்தாவின் மகன்மார் இரண்டு பேரோடும் சேர்ந்து நாங்களும் விளையாடுகிறோம். "டீச்சரும் கேம் விளையாடுறாவா?" என்று கேட்கிறவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

கேமின் பெயர் 'ஒட்சிசன் நொட் இன்குளூடட்'. கனடாவின் கிளெய் நிறுவனம் 2019இல் முழுமையாக வெளியிட்டது. சுட்டுத் தள்ளும் கேம் அல்ல. ஒரு சிறுகோளின் வயிற்றுக்குள் மூன்று பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மண்ணைத் தோண்டி, ஒட்சிசன் உண்டாக்கி, பயிர் வளர்த்து, மலசலகூடம் கட்டி அவர்களை உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

பசியும் மூச்சுத்திணறலும்தான் ஆபத்து என்று முதலில் தோன்றும். அவை வந்தால் உடனே எச்சரிக்கை வரும், ஓடிப்போய் சரி செய்யலாம். ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காலனிகள் பலவற்றைச் சாய்ப்பது சூடு. அது சத்தம் போடாமல் வரும்.

நிலக்கரி ஜெனரேட்டர் சூடு விடும். பெட்டரி விடும். மின்குமிழ் விடும். தண்ணீரைப் பிரித்து ஒட்சிசன் எடுக்கும் இயந்திரம் அந்த ஒட்சிசனையே 70 பாகையில்தான் வெளியே தள்ளும். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம்தான். ஆனால் சுற்றிலும் பாறை, வெளியே போக வழியில்லை. ஆரம்பத்தில் நடும் 'மீல்வூட்' பயிர் 30 பாகையைத் தாண்டினால் வளர்வதை நிறுத்திவிடும்.

எங்கள் காலனியில் ஒன்பது பேர் ஆனபோது அதுதான் நடந்தது. மூத்தவன் கேட்டான்: "சாச்சி, தண்ணி இரிக்கி, கரன்ட் இரிக்கி, ஏன் பயிர் வளருதில்ல?" வெப்பநிலை காட்டும் படத்தைத் திறந்து பார்த்தோம். முன்பு பச்சையாக இருந்த தோட்டம் செம்மஞ்சளாகியிருந்தது. களஞ்சியத்தில் சில நாட்களுக்குத்தான் சாப்பாடு.

இளையவன் தோட்டத்தைச் சுற்றி வெப்பம் கடத்தாத சுவர் கட்டுவோம் என்றான். நல்ல யோசனை. ஆனால் அது தேநீர் பிளாஸ்க் போல. வெளிச் சூட்டை உள்ளே விடாது, உள்ளே இருக்கும் சூட்டை வெளியேயும் விடாது. சூடு விடும் விளக்கும் குழாயும் உள்ளேயே இருந்தால் சுவர் எதிரியாகிவிடும்.

மூத்தவன் பக்கத்திலிருந்த பனிப் பகுதியைக் காட்டினான். ஒரு குழாயை அதற்குள் ஓட்டி, குளிர்ந்த தண்ணீரைத் தோட்டத்துக்குக் கொண்டு வந்தோம். பயிர் பிழைத்தது. ஆனால் பனி கரைந்துகொண்டே இருந்தது. அது சூட்டை வாங்கி வைக்கும் இடமே தவிர, வெளியேற்றும் வழி அல்ல. அவகாசம் மட்டும் கிடைத்தது.

நிரந்தர வழிக்கு இரண்டு இயந்திரங்கள் வேண்டும். ஒன்று 'அக்குவாடியூனர்'. அதற்குள் போகும் தண்ணீர் 14 பாகை குறைந்து வெளியே வரும். எடுத்த சூடு அழியாது, இயந்திரத்தின் உடம்பிலேயே ஏறும். வீட்டு பிரிட்ஜின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தால் இது விளங்கும். மற்றது நீராவிச் சுழலி. அக்குவாடியூனரை மூடிய அறையில் தண்ணீரோடு வைத்தால் தண்ணீர் ஆவியாகும். 125 பாகைக்கு மேற்பட்ட நீராவியைச் சுழலி இழுத்து, மின்சாரம் எடுத்துக்கொண்டு, 95 பாகைத் தண்ணீராகத் திருப்பித் தரும். அந்தச் சூட்டைத் தாங்க அக்குவாடியூனரை உருக்கில் செய்ய வேண்டும். உருக்கு செய்யும் ஆலையும் சூடு விடும்! பனி முழுக்கக் கரைவதற்குள் உருக்கு தயாராகுமா என்பதுதான் எங்கள் மூன்று இரவுகளின் கவலை. தயாரானது. ஒன்பது பேரும் தப்பினார்கள்.

இங்கே பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிவைத்தோம். கேமில் சுழலி சூட்டின் பெரும்பகுதியை இல்லாமலே ஆக்கிவிடுகிறது. உண்மையில் அப்படி நடக்காது. நுரைச்சோலை அனல் மின் நிலையத்திலும் நீராவிதான் சுழலியைச் சுற்றுகிறது. மின்சாரமாக மாறாத சூட்டைக் கடல் நீர் வாங்கிக்கொண்டு போகிறது. அந்த நிலையம் கடலோரத்தில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பரீட்சையில் கேமை நம்பி விடை எழுதக் கூடாது.

"விண்வெளி குளிர்தானே, ஜன்னலத் திறந்து விட்டா சரிதானே?" என்றான் இளையவன். நல்ல கேள்வி. கடத்தலுக்கும் மேற்காவுகைக்கும் சடப்பொருள் வேண்டும். வெற்றிடத்தில் மிஞ்சுவது கதிர்ப்பு மட்டும். அந்த பிளாஸ்கின் இரண்டு சுவர்களுக்கும் இடையில் இருப்பதும் வெற்றிடம்தான். 1973 மே மாதம் ஸ்கைலாப் ஏவப்பட்டபோது அதன் வெளிக் கவசம் பிய்ந்து போனது. உள்ளே 50 பாகைக்கு மேல் ஏறியது. முதலில் போன மூன்று வீரர்கள் குடை போன்ற ஒரு துணியை விரித்து வெயிலை மறைத்த பிறகுதான் அங்கே குடியிருக்க முடிந்தது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் அமோனியா குழாய்களில் ஓடி, சூட்டைப் பெரிய தகடுகளுக்குக் கொண்டுபோகிறது. தகடுகள் அதை வெளியே கதிர்வீசுகின்றன. 2010 ஜூலை 31 அன்று ஒரு அமோனியா பம்பி நின்றதும் குளிரூட்டலில் பாதி போனது. பல கருவிகளை நிறுத்தினார்கள். டக் வீலொக்கும் ட்ரேசி கால்ட்வெல் டைசனும் ஓகஸ்டில் மூன்று முறை வெளியே போய்த்தான் அதை மாற்றினார்கள்.

இவ்வளவும் எழுதக் காரணம் உண்டு. எங்கள் பாடசாலைக் கணினி அறைக்கு ஏசி பொருத்தித் தர நலன்விரும்பிகள் முன்வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி. ஆனால் வெளி யூனிட்டை வைக்கப் பார்த்திருக்கும் இடம் தரம் 6 வகுப்பின் ஜன்னலோரம். அந்த வகுப்புக்குத் தகரக் கூரை. கணினி அறையின் சூடும் ஏசி குடிக்கும் மின்சாரத்தின் சூடும் சேர்ந்து அந்தப் பிள்ளைகளின் முகத்துக்குத்தான் வரும். யூனிட்டைப் பின்சுவருக்கு மாற்றினால் குழாய் கொஞ்சம் நீளும், செலவும் கொஞ்சம் கூடும். அந்தப் பக்கம் வெறும் வளவு, யாருக்கும் தொந்தரவில்லை.

வரும் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்க இருக்கிறோம். தரம் 6 பெற்றோர் கட்டாயம் வாருங்கள். பொருத்திய பிறகு மாற்றுவது கஷ்டம், இப்போது என்றால் ஒரு வார்த்தை போதும்.