செம்மண்ணில் வெண்கோடு

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பலாலி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், திருநெல்வேலியையும் கோண்டாவிலையும் கடந்ததும், மானிப்பாய் - கைதடி வீதி குறுக்கிடும் நாற்சந்தியை அடைவர். அதுவே உரும்பிராய்ச் சந்தி. ஆறில்லாத குடாநாட்டிலே, சுண்ணக்கல்லைக் குடைந்த கிணறுகளை நம்பி வாழையும் புகையிலையும் வெங்காயமும் விளைவிக்கும் செம்மண் பூமி. கற்பகப் பிள்ளையாரைத் தரிசித்துத் திரும்பும் அன்பர்கள், மாலை வேளையாயின், எங்கள் கரப்பந்தாட்ட மைதானத்தையும் ஒருமுறை எட்டிப் பார்த்தல் நன்று.

ஆட்டம் ஐந்து மணிக்கென்றால் மூன்றரைக்கே அங்கு ஒரு முதியவர் நிற்பார். முதலிற் புழுதி அடங்கத் தண்ணீர் தெளிப்பார். பின்னர் முடிச்சிட்ட கயிறொன்றால் 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் அளந்து முளை அடிப்பார். மூலைக்கு மூலை குறுக்கே கயிற்றைப் பிடித்து, இரண்டு அளவும் ஒத்திருந்தாலன்றிச் சுண்ணாம்பைத் தொடமாட்டார். வலையின் உயரத்துக்கு 2 மீற்றர் 43 சென்ரிமீற்றர் குறித்த பூவரசங் கம்பொன்று வைத்திருக்கிறார். “கோடு கோணினால் தீர்ப்பும் கோணும், தம்பி” என்பது அவர் வாக்கு. இளமையில் தாம் நல்ல ஆட்டக்காரரல்லர் என்றும், பந்தை வேலிக்கு அப்பால் அடித்ததனாலேயே கோடு போட அனுப்பப்பட்டதாகவும் அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

இவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சரித்திரச் செய்தி நினைவுக்கு வரும். கரப்பந்தாட்டம் 1895 இல் அமெரிக்காவில் வில்லியம் மோர்கன் என்பவரால் உருவாக்கப்பட்டது. 1916 இல் கொழும்புக் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் வாயிலாக இலங்கைக்கு வந்து, 1991 இல் நமது தேசிய விளையாட்டாயிற்று. அதே 1895 இலேதான் இங்கிலாந்தின் வடபகுதிக் கழகங்கள், வேலையை விட்டு ஆடவரும் தொழிலாளருக்கு இழந்த கூலியை ஈடுசெய்யலாமா என்ற பிணக்கினால், றக்பிச் சங்கத்தை விட்டுப் பிரிந்தன. காசு வாங்காது ஆடுவதே அறமென்று நின்ற றக்பி யூனியன், நூறாண்டு காத்த அக்கொள்கையை 1995 ஓகஸ்டிலே கைவிட்டது. உழைப்பவன் ஊதியம் பெறுவதிற் குற்றமில்லை. ஆயினும் எந்த நாட்டுச் சிறு கழகத்திலும் கோடு போடுபவரும் தேநீர் காய்ச்சுபவரும் இன்னமும் கூலியில்லாமலே நிற்கின்றனர். ஊதியம் ஆட்டத்துக்கு வரலாம். அன்புக்கு யார் விலை கூறுவர்?

அந்த 1995 எங்களுக்கு வேறொன்றைக் கொண்டுவந்தது. ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்து, மழையிலே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. நான் அப்போது பள்ளிச் சிறுவன். முன்னே அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அரிசிப் பையின் மேலே கழகத்தின் வலையும் கூட்டக் குறிப்புப் புத்தகமும் கட்டப்பட்டிருந்தன.

“உயிர் போற நேரத்திலை வலை என்னத்துக்கு?” என்று ஒருவர் சினந்தார்.

“திரும்பி வந்தால் பொடியள் விளையாட வேணுமெல்லோ” என்றார் அவர்.

1996 இல் திரும்பி வந்தோம். மைதானத்தில் முட்செடி இடுப்பளவு வளர்ந்திருந்தது. தம் வீட்டுக் கூரைக்குக் கிடுகு தேடுமுன் அவர் அந்த முள்ளை வெட்டினார். அந்த வலையடியிலே முதல் மாலை ஆடிய பொடியளில் நானும் ஒருவன். மறுபடியும் ஊருக்கு வந்துவிட்டோம் என்பதை அன்றுதான் நம்பினேன்.

சென்ற மாதம் அவருக்குப் பொன்னாடை போர்த்துவதென்று தீர்மானித்து, சொல்லிவர என்னை அனுப்பினர். அவர் பொறுமையாகக் கேட்டார். “பொன்னாடையை வைச்சு நான் என்ன செய்யிறது? கண் மங்குது, தம்பி. கயித்தின்ரை மற்றத் தலைப்பைப் பிடிக்க ஒரு பொடியனைத் தாருங்கோ” என்றார்.

எனக்கு வெட்கமாயிருந்தது. அவர் போட்ட கோட்டுக்குள் எத்தனை ஆண்டுகள் ஆடினோம்! அதனைப் போடக் கற்றுக்கொண்டவர் எங்களில் ஒருவருமில்லை. பலர் கடல் கடந்துவிட்டனர். ஊரில் இருந்த எனக்கோ அந்தச் சாட்டும் இல்லை.

மறுநாள் மூன்றரை மணிக்கு, என் வகுப்பு மாணவர் இருவரை அழைத்துக்கொண்டு மைதானத்துக்குச் சென்றேன். அவர் ஒன்றும் பேசாமற் கயிற்றின் ஒரு தலைப்பை என் கையில் தந்தார்.

“இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடி, தம்பி. தொய்யுது.”

இழுத்துப் பிடித்தேன்.